குழந்தைக்கு ரகசிய வாக்குறுதி கொடுப்பது தொழில் நெறி அல்ல

"குழந்தை நம்பிச் சொன்னதை என்ன ஆனாலும் வெளியே விடாமல் இருப்பதுதான் சமூகப் பணியாளரின் நெறி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. மீதியை நம்பி நடந்தால் குழந்தைக்குத்தான் ஆபத்து.

ரகசியம் காப்பது கடமை, ஆனால் அதற்கு எல்லை உண்டு. குழந்தைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகம் வந்தாலே உரிய பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவித்தாக வேண்டும். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு, வன்முறையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் குழந்தையைக் காக்கும் பொறுப்பை அரசுகளிடம் தருகிறது. பல நாடுகளில் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க அக்கா" என்று குழந்தை கேட்கும் நொடிதான் கஷ்டமானது. தலையாட்டினால் குழந்தை மனம் திறந்து பேசும். ஆனால் நாளை விஷயம் வெளியே போகும்போது, இனி எந்தப் பெரியவரையும் அந்தக் குழந்தை நம்பாது. "நீ பத்திரமா இருக்க உதவுறவங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டி வரலாம்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், "அப்பாதானே அடிச்சார்?" என்று வாயில் வார்த்தையைத் திணிக்கக் கூடாது. "என்ன நடந்தது?" போதும். வந்த பதிலைக் குழந்தையின் சொற்களிலேயே அன்றே எழுதி வைக்க வேண்டும்.

தெரிவிப்பது என்றால் ஊரெல்லாம் சொல்வதல்ல. பக்கத்து மேசைக்காரருக்கோ, பள்ளியின் எல்லா ஆசிரியர்களுக்குமோ தெரியத் தேவையில்லை. அந்த அளவில், ரகசியம் காக்க வேண்டும் என்று அப்படி எழுதியவர் சொன்னதை நானும் முழுதாக ஏற்கிறேன்.