மௌயி ஏன் திரும்பி வந்தான்?

டிஸ்னியின் 'மோவானா' (2016) அனிமேஷன் படம் பற்றிப் பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இந்தக் குறையைச் சொல்லிவிடுகிறார். "எல்லாம் சரி, அந்த மௌயி கோபித்துக்கொண்டு போனானே, கடைசியில் ஏன் திரும்பி வந்தான்? படம் அதைச் சொல்லவே இல்லையே!" திரைக்கதையில் பெரிய ஓட்டை என்கிறார்கள். எழுதியவர்கள் மறந்துவிட்டார்கள், இல்லையென்றால் எடுத்த காட்சியை நீளம் கருதி வெட்டிவிட்டார்கள் என்று ஊகம் வேறு. இதை என்னால் ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. அங்கே ஒரு விளக்கக் காட்சியை வைத்திருந்தால் படத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடங்கள் பாழாகியிருக்கும் என்பது என் எண்ணம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படம் பார்த்து நாளானவர்களுக்காக அந்த இடத்தை மட்டும் நினைவுபடுத்திவிடுகிறேன். டெ ஃபீட்டி என்ற தாய்த்தீவின் இதயத்தை, பாதி மனிதனும் பாதி தேவனுமான மௌயி ஆயிரம் வருடத்துக்கு முன்னால் திருடியிருக்கிறான். அதைத் திருப்பி வைக்க, தீவுத் தலைவரின் மகள் மோவானா அவனைக் கூட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போகிறாள். தீவுக்கு முன்னால் டெ கா என்ற எரிமலை அரக்கி. படகைத் திருப்பு என்று மௌயி கத்துகிறான். மோவானா கேட்கவில்லை. டெ காவின் அடி விழுந்து அவனுடைய மந்திரக் கொக்கி விரிசல் விடுகிறது. இன்னொரு அடி பட்டால் கொக்கி அவ்வளவுதான். கொக்கி இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டு, நடுக்கடலில் அவளைத் தனியாக விட்டுவிட்டுப் பறந்துபோகிறான்.

அதற்குப் பிறகுதான் படத்தின் உயிரான பகுதி வருகிறது. மோவானா உடைந்துபோகிறாள். நீ தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்துவிட்டாய் என்று கடலிடம் சொல்லி, டெ ஃபீட்டியின் இதயமான அந்தப் பச்சைக்கல்லைத் திருப்பிக் கொடுக்கிறாள். கடலும் வாங்கிக்கொள்கிறது. இறந்துபோன பாட்டி ஒளிவிடும் திருக்கையாக வருகிறாள். ஊருக்குத் திரும்ப வேண்டுமானால் உன்னோடு நானும் வருகிறேன் என்கிறாள். போ என்று பாட்டி தள்ளவில்லை. தானாக யோசித்து, தானாகவே கடலில் குதித்துக் கல்லை எடுத்து வருகிறாள் மோவானா. உடைந்த படகைச் சரிசெய்கிறாள். தனியாகக் கிளம்புகிறாள்.

இப்போது நண்பர்கள் கேட்கும் அந்த விளக்கக் காட்சியை இங்கே வைத்துப் பாருங்கள். எங்கோ ஒரு பாறையில் மௌயி உட்கார்ந்திருக்கிறான். விரிசல் விட்ட கொக்கியைப் பார்க்கிறான். மார்பில் பச்சை குத்தியிருக்கும் குட்டி மௌயி அவனை முறைக்கிறான். பெரிய மௌயி பெருமூச்சு விட்டுவிட்டு எழுந்து நிற்கிறான். அரை நிமிடம் போதும். எடுப்பதும் கஷ்டமில்லை. ஆனால் அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு மோவானா தனியாகப் போகிறாள் என்று நமக்குத் தோன்றவே தோன்றாது. அவன் எப்போது வருவான் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்போம். எரிமலைக்கு எதிரே பாய்மரத்தை இழுத்துக்கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண் நிற்கிறாளே, அந்தத் துணிச்சலுக்கு அடியில் நாம் ஒரு பாதுகாப்பு வலையை விரித்துவிட்டிருப்போம். யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். நமக்கும் அப்படித்தான் தெரிய வேண்டும். இயக்குநர்கள் ரான் கிளெமென்ட்ஸும் ஜான் மஸ்கரும் அந்தப் பகுதி முழுக்க அவளை விட்டு நகரவே இல்லை. அந்தப் பிடிவாதத்துக்காகவே அவர்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்படியானால் காரணமே இல்லாமல் வந்துவிட்டானா? இல்லை. காரணம் வெகு முன்னாலேயே சொல்லப்பட்டாயிற்று. மௌயியின் முதுகில் அவன் யாருக்கும் காட்ட விரும்பாத, பச்சை குத்திய ஒரு படம் இருக்கிறது. ஒரு பெண் கைக்குழந்தையைக் கடலில் வீசுகிறாள். அந்தக் குழந்தை அவன். பெற்றவர்கள் வேண்டாம் என்று எறிந்த பிள்ளையைத் தேவர்கள் எடுத்து, கொக்கியைக் கொடுத்து, மௌயி ஆக்கினார்கள். அவன் திரும்ப மனிதர்களிடமே போனான். தீவுகளை இழுத்துக் கொடுத்தான், நெருப்பைக் கொடுத்தான், தென்னையைக் கொடுத்தான். எல்லாம் அவர்கள் தன்னைக் கொண்டாட வேண்டும் என்பதற்காக. எவ்வளவு கொடுத்தும் அவனுக்குப் போதவில்லை. இதை அவன் வாய்திறந்து சொல்வது மோவானாவிடம் மட்டும்தான். உன்னை மௌயி ஆக்கியது தேவர்கள் இல்லை, நீயேதான் என்று அவள் சொன்ன பிறகுதான் இழந்திருந்த உருமாறும் திறமை அவனுக்குத் திரும்பி வருகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு அவன் விட்டுவிட்டுப் போகும் காட்சியை மறுபடி பாருங்கள். தனக்குச் செய்யப்பட்டது எதுவோ, அதையேதான் அவளுக்கு அவன் செய்கிறான். தன்னை நம்பி வந்த ஓர் உயிரைக் கடலில் விட்டுவிட்டுப் போகிறான். படம் இதை எங்கேயும் வசனமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த முதுகைப் பார்த்துவிட்ட நமக்கு, இவனால் நிம்மதியாக எங்கேயும் போய் உட்கார முடியாது என்று புரியாமலா இருக்கும்? திரும்பி வராமல் இருந்திருந்தால்தான் ஏன் வரவில்லை என்று படம் நமக்குச் சொல்லவேண்டியிருக்கும்.

அவன் வந்து இறங்கும் நொடியில் மோவானாவே நம் கேள்வியைக் கேட்க ஆரம்பிக்கிறாள். வந்துவிட்டாயா, ஆனால் உன் கொக்கி, இன்னொரு அடி விழுந்தால்... அவன் முடிக்க விடுவதில்லை. உனக்குத் துணைக்கு நான் இருக்கிறேன், நீ போய் உலகத்தைக் காப்பாற்று என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறான். அதோடு சரி. கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கொக்கி நொறுங்கிப் போகிறது. வெறும் கையோடு அரக்கி எதிரே நின்று, தொடையைத் தட்டி, நாக்கை நீட்டி ஹாக்கா என்ற மாவோரிப் போர் நடனம் ஆடுகிறான். தன் பக்கம் அவள் பார்வையைத் திருப்ப அவனிடம் மிச்சமிருப்பது தன் உடம்பு மட்டும்தான். எல்லாம் முடிந்தபின் கொக்கி போனதற்கு மோவானா வருந்தும்போது, இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் மௌயிதான் என்கிறான். கொக்கி இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லை என்று போனவன் இவன். ஏன் வந்தான் என்பதற்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? பறந்து வரும்போதே அந்தக் கொக்கியைக் கொடுத்துவிடத் தயாராகித்தான் வந்திருக்கிறான்.

இன்னொன்றும் உண்டு. அவன் வந்ததால் சண்டை ஜெயிக்கவில்லை. அவளுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது, அவ்வளவுதான். டெ காவின் நெஞ்சில் இருக்கும் சுழியைப் பார்த்து, இவள்தான் இதயம் பறிபோன டெ ஃபீட்டி என்று கண்டுகொள்வது மோவானா. திரும்பி வந்த வீரன் வெற்றியையும் தூக்கிக்கொண்டு போயிருந்தால் நானும் கடுமையாகக் கேள்வி கேட்டிருப்பேன்.

ஒரு கதாபாத்திரம் ஏன் வந்தது என்பது வேறு, எப்படி வர முடிந்தது என்பது வேறு. ஏன் என்பதைச் செய்கையில் காட்டினால் போதும். எப்படி என்பதற்கு மட்டும் முன்கூட்டியே அடித்தளம் வேண்டும், கட்டாயம் வேண்டும். பிராட் பேர்டின் 'தி அயர்ன் ஜயன்ட்' (1999) அதை எவ்வளவு அழகாகச் செய்தது! 1957இல் அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் நடக்கும் கதை. ரயில் மோதி அந்த இரும்பு மனிதன் துண்டு துண்டாகச் சிதறும்போதே, துண்டுகள் தாமாக ஊர்ந்து வந்து ஒட்டிக்கொள்வதைக் காட்டிவிடுகிறார்கள். தனியாக மாட்டிக்கொண்ட ஒரு கை, அவனுக்கு நண்பனான பையனின் வீட்டுக்குள்ளேயே நாய்க்குட்டி மாதிரி திரிகிறது. நாம் சிரித்துக்கொண்டே பார்த்துவிட்டு மறந்துவிடுகிறோம். கடைசியில் ஊரைக் காப்பாற்ற ஏவுகணையோடு மோதி அவன் வெடித்துப் போனபின், பையனிடம் மிஞ்சியிருக்கும் ஒரே ஒரு திருகாணி ராத்திரியில் சன்னலை நோக்கி நகரும்போது யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐஸ்லாந்தின் லாங்யோக்குல் பனிப்பாறையில் துண்டுகள் கூடுகின்றன. படம் முடிந்துவிடுகிறது. இதனால் அவன் செய்த தியாகம் மலிந்துபோகிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஆனால் மேலே பறக்கும்போது, திரும்பி வருவோம் என்று நினைத்து அவன் போனதாகப் படத்தில் ஒரு அடையாளமும் இல்லையே.

விளக்கம் இருந்தும் பயனில்லாமல் போனதற்கும் ஒரு உதாரணம் சொல்கிறேன். 1986இல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' கார்ட்டூன் படத்தில் நாயக ரோபோவான ஆப்டிமஸ் பிரைமைக் கொன்றுவிட்டார்கள். கடையில் புது பொம்மைகளுக்கு இடம் வேண்டும், அதுதான் காரணம். குழந்தைகள் அழுது தீர்த்தார்கள், பெற்றோர்கள் கொதித்தார்கள். அதே நேரம் தயாரிப்பில் இருந்த 'ஜி.ஐ. ஜோ' படத்திலும் (1987) நாயகன் டியூக் சாவதாகத்தான் இருந்தது. தம்பிக்குக் குறுக்கே பாய்ந்து நெஞ்சில் ஈட்டி வாங்குகிறான். ஆப்டிமஸுக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்துப் பயந்துபோன தயாரிப்பாளர்கள், அவன் கோமாவில் இருக்கிறான் என்று ஒரு வசனத்தைச் சேர்த்தார்கள். கடைசியில் நினைவு திரும்பிவிட்டது, நன்றாக இருக்கிறான் என்று இன்னொரு வசனம். அதற்குப் பிறகு படத்தில் நாம் அவனைப் பார்ப்பதே இல்லை. வாயால் எல்லாம் சொல்லியாயிற்று, ஆனாலும் அதை நம்பத் தோன்றுவதில்லை.

எல்லாப் படத்துக்கும் நான் வக்காலத்து வாங்கவில்லை. அதுவரை சுயநலமாகவே இருந்த ஒருவன் எந்த விதையும் போடாமல் கடைசி ரீலில் வந்து குதித்தால், அது சோம்பேறித்தனம்தான். அதைக் கேட்கத்தான் வேண்டும். மௌயியை அந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

மனிதர்கள் நடிக்கும் வடிவமாகவும் 'மோவானா' கதையை டிஸ்னி மறுபடி எடுத்திருக்கிறது. பழைய படத்தை மறுபடி எடுக்கும்போது, ரசிகர்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் காட்சி வைத்துப் பதில் சொல்லும் பழக்கம் அவர்களுக்கு உண்டு. மௌயி போனதிலிருந்து அவன் கழுகாகத் திரும்பி வரும்வரை இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் யாரும் கை வைத்திருக்கக் கூடாது.