கல்யாணத்துக்குள் முகம் தெளிந்துவிடும்

என் சித்தி மகள் ஆவணி மாதத்தில் முகப்பருவுக்காகத் தோல் மருத்துவரிடம் போய் வந்தாள். தாடையோரத்தில் மாதந்தோறும் ஆழமாக எழும்பி, வலித்து, கருந்தழும்பை விட்டுச் செல்லும் பரு. அதோடு முகவாயில் தடித்த முடி. மருத்துவர் எழுதிக் கொடுத்தது ஸ்பைரோனோலாக்டோன் என்ற மாத்திரை. "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டிருக்கிறார். தை மாதம் என்று இவள் சொன்னதும், "நல்லது, அதற்குள் முகம் தெளிந்துவிடும்" என்று வாழ்த்தி அனுப்பியிருக்கிறார். அதே மாத்திரையை நான்கு ஆண்டுகள் விழுங்கியவள் நான். அந்த வாழ்த்தில் விடுபட்டுப்போன ஒன்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மாத்திரையின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1959இல் விற்பனைக்கு வந்த பழைய மருந்து அது. ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தடுத்து, உடலில் தேங்கும் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவதற்காக உருவாக்கப்பட்டது. ரத்தக்கொதிப்புக்கும், இதயம் பலவீனமானவர்களுக்கும், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் இன்றுவரை கொடுக்கப்படுகிறது. முதன்முறை நான் சீட்டை நீட்டியபோது மருந்துக்கடைக்காரர், "அப்பாவுக்கா?" என்று கேட்டது அதனால்தான். இதை உட்கொண்ட ஆண்கள் சிலருக்கு மார்பு பெருத்தது. ஆண் ஹார்மோன் என்று சொல்லப்படும் ஆண்ட்ரோஜன், செல்களில் போய் உட்கார வேண்டிய ஏற்பிகளில் இந்த மருந்து முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். ஆண்களுக்குப் பக்கவிளைவாக இருந்த அந்தக் குணமே பெண்களுக்குச் சிகிச்சையாயிற்று.

ஆண்ட்ரோஜன் ஆண்களுக்கு மட்டும் உரியதன்று. பெண்ணின் சினைப்பையும் அட்ரினல் சுரப்பியும் அதைச் சுரக்கின்றன. அது தோலின் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிப் பருவுக்கு வழிவகுக்கிறது. முகவாயில் பூனைமுடியைக் கருத்த முடியாக்குகிறது. உச்சந்தலையிலோ, அதே ஹார்மோன் நேர்மாறாக முடியை மெலியச் செய்கிறது. நாம் பொதுவாகப் பிசிஓடி என்று சொல்லும் சினைப்பைக் கோளாறு இருப்பவர்களிடம் இவை மூன்றும் சேர்ந்தே வருவதுண்டு. மகப்பேறு வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இக்கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் அளவு சரியாகவே இருந்தும் பருவும் முடியும் வருகிற பெண்கள் பலர் உண்டு. அளவு கூடாவிட்டாலும் அவர்களுடைய தோல் அந்த ஹார்மோனுக்குக் கூடுதலாக எதிர்வினையாற்றுகிறது. "ரிப்போர்ட் நார்மல், ஒன்றுமில்லை, மஞ்சளும் கோரைக்கிழங்கும் பூசு" என்று என்னைத் திருப்பியனுப்பிய எல்லோரையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன்.

மருந்து வேலை செய்கிறதா என்றால், செய்கிறது, ஆனால் மெதுவாக. 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில் 410 பெண்கள் கலந்துகொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு இந்த மாத்திரையும் மற்றவர்களுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் தரப்பட்டன. 12 வாரத்தில் இரு தரப்புக்கும் இடையே வேறுபாடு சிறிதாகவே இருந்தது. 24 வாரத்தில்தான் நன்றாகத் தெரிந்தது. முகத்து முடிக்கு அதைவிடவும் பொறுமை வேண்டும், ஏற்கெனவே வளர்ந்த முடியை இது உதிர்ப்பதில்லை, புதிதாக வளர்வதை மெலிதாக்குகிறது. அதுவரை த்ரெட்டிங்கோ லேசரோ தொடர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஆவணியில் தொடங்கினால் 24 வாரம் முடிவது தை கடைசியில். முகம் தெளியத் தொடங்கும் அதே வாரத்தில் அவளுக்குத் திருமணம். பலன் கண்ணாடியில் தெரியும்போது எந்தப் பெண் மாத்திரையை நிறுத்துவாள்?

ஆனால் இந்த மருந்தை உட்கொள்ளும்போது கருத்தரிக்கக் கூடாது. ஆண் சிசுவின் பிறப்புறுப்பு உருவாவதற்கு ஆண்ட்ரோஜன் தேவை. அதைத் தடுக்கும் மருந்து தாயின் உடலில் இருந்தால் அந்த வளர்ச்சி பாதிக்கப்படலாம். விலங்கு ஆய்வுகளில் அப்படிப் பாதிக்கப்பட்டதைக் கண்டிருக்கிறார்கள். மனிதர்களிடம் சோதித்துப் பார்க்கக்கூடிய விஷயம் அன்று. எனவேதான் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்ணுக்கு இதைக் கொடுக்கும்போது நம்பகமான கருத்தடை முறையும் உடன் இருக்க வேண்டும் என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. பிசிஓடி உள்ளவர்களுக்கு இது இன்னும் சிக்கலானது. இரண்டு மூன்று மாதம் மாதவிடாய் தள்ளிப்போவது அவர்களுக்கு வழக்கம் என்பதால், நாள் தள்ளிப்போனதைக் கொண்டு கர்ப்பத்தைச் சந்தேகிக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, "உனக்குக் குழந்தை பிறப்பது கஷ்டம்" என்று பலரும் சொல்லிச் சொல்லி, கருத்தடை தனக்குத் தேவையே இல்லை என்று அவர்களே நம்பியிருப்பார்கள்.

இதை ஏன் சொல்வதில்லை? மருத்துவருக்குத் தெரியாமல் இல்லை. எதிரே திருமணமாகாத பெண், பக்கத்தில் அம்மா. அந்த அறையில் கருத்தடை என்ற சொல்லை எடுக்க அவருக்குக் கூச்சம். எடுத்தால் சண்டைக்கு வருவார்களோ என்ற பயமும் இருக்கலாம். "கல்யாணம் ஆகிவிட்டதா?" என்ற கேள்வி நம் ஊரில் வேறு பல கேள்விகளுக்குப் பதிலாள். இல்லை என்று சொன்னால் அதற்கு அடுத்து வர வேண்டிய எல்லாக் கேள்விகளும் ரத்தாகிவிடுகின்றன. என் முதல் மருத்துவரும் அப்படித்தான் என்னை அனுப்பினார். இரண்டாவதாகப் பார்த்தவர் அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நேராகக் கேட்டார், தாளில் வரைந்து விளக்கினார், 21 கருத்தடை ஹார்மோன் மாத்திரைகள் கொண்ட அட்டை ஒன்றையும் சேர்த்து எழுதினார். அதை எழுதும் முன் ஒற்றைத் தலைவலி உண்டா, குடும்பத்தில் யாருக்காவது காலில் ரத்தம் உறைந்ததுண்டா என்றும் விசாரித்தார். வீட்டில் அம்மா அந்த அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிசிஓடியில் மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும் பருவையும் முடியையும் குறைக்கவும் முதலில் கொடுக்கப்படுவதே அந்த மாத்திரைதான் என்பதை அத்தை வந்து சொன்ன பிறகுதான் சமாதானம்.

பொட்டாசியத்தைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த மருந்து ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடும் என்பது உண்மை. ஆனால் வேறு நோயில்லாத இளம் பெண்களிடம் அது அரிது என்று 2015இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும், டெல்மிசார்டன் போன்ற ரத்தக்கொதிப்பு மாத்திரை எடுப்பவர்களும், சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோல் எழுதப்பட்டவர்களும் கட்டாயம் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் நாளுக்கு மூன்று இளநீர் குடிப்பவர்களும் சொல்லுங்கள், அதில் பொட்டாசியம் மிகுதி. எனக்கு வந்ததெல்லாம் முதல் மாதத்தில் எழுந்தால் தலைசுற்றல், அடிக்கடி சிறுநீர், இடையிடையே உதிரக் கசிவு. தாங்கிக்கொள்ளக்கூடியவையே.

சென்ற ஆண்டு, குழந்தைக்காக முயற்சி செய்யும் முன் மருத்துவரிடம் கேட்டு நிறுத்தினேன். சில மாதங்களில் முகவாயின் இடப்பக்கத்தில் பழைய முடிகள் திரும்பி வந்துவிட்டன. இது நோயைத் தீர்க்கும் மருந்தன்று, எடுக்கும்வரை அடக்கி வைக்கும் மருந்து என்று எனக்கு முன்பே சொல்லியிருந்ததால் அதிர்ச்சி எதுவும் இல்லை.

இவற்றையெல்லாம் சித்தி மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். மாத்திரையைத் தானாக நிறுத்த வேண்டாம், அதே மருத்துவரிடம் மறுபடி போய், தை மாதத்துக்குப் பிறகு என்ன செய்வது என்று கேள் என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "அக்கா, அம்மா பக்கத்துலயே உக்காந்திருப்பாங்களே, எப்படிக் கேக்குறது?" என்றாள். சனிக்கிழமை மாலை நான் கூடப் போகிறேன். சித்திக்குக் கல்யாணப் பத்திரிகை வேலை இருக்கிறது, நல்லவேளை.