34 சதவீதத்தில் அணைந்துபோகும் கைபேசி

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் இரவு அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரை வாங்க மருந்துக்கடைக்குச் சென்றிருந்தேன். கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து, ரகசிய எண்ணின் நான்காவது இலக்கத்தை அழுத்தும்போது திரை கறுத்துவிட்டது. அதற்குச் சற்று முன்புதான் சார்ஜ் 34 சதவீதம் என்று காட்டியது. பின்னால் நான்கு பேர் காத்து நின்றார்கள். "பரவாயில்லை சார், நாளைக்குக் கொடுங்க" என்று கடைக்காரர் மாத்திரையை நீட்டினார்.

பழைய லித்தியம் அயனி பேட்டரியில் உள்மின்தடை கூடிவிடுவதால், கேமராவும் இணையமும் ஒருசேர மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென இறங்க, மிச்சம் சார்ஜ் இருந்தாலும் கருவி அணைந்துவிடுகிறது. அதாவது, மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது கைவிடும். எரிவாயு சிலிண்டர் கொண்டுவருபவர் ஓடிபி கேட்டுக்கொண்டு வாசலில் நிற்க, சார்ஜர் வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தபடி கைபேசி உயிர்பெறும்வரை நான் காத்திருந்த நாட்கள் பல.

நான்கு ஆண்டுகள் பழகிய கைபேசி. பேட்டரி தவிர வேறு குறையில்லை. நிறுவனத்தின் சேவை மையத்திலோ, "அந்த மாடலுக்கு பேட்டரி வராது சார், எக்ஸ்சேஞ்சில் புதுசு எடுத்துக்கோங்க" என்றார்கள். சென்னை ரிச்சி தெருவில் ஒரு தம்பி, பின்பக்கத்தைச் சூடாக்கிப் பசையை இளக்கி, பொறுமையாக வேறு பேட்டரி பொருத்தித் தந்தார். அது அசல் இல்லை என்பதை அவரே சொன்னார். மூன்றே மாதத்தில் உப்பித் திரையின் ஓரத்தைத் தூக்கிவிட்டது. நோக்கியா 1100 வைத்திருந்த காலத்தில் மூடியைக் கழற்றி நாமே மாற்றிக்கொண்ட பொருள் இது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், புதிதாகச் சந்தைக்கு வரும் கைபேசி மாடல்களுக்கு, அவற்றின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். நம் அரசும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையத்தளம் தொடங்கியது; அதை வரவேற்கிறேன். ஆனால் தகவல் தரும் தளம் போதாது. வங்கியும் ரேஷனும் சிலிண்டரும் கைபேசி எண்ணோடு கட்டப்பட்டுவிட்ட நாட்டில், அசல் பேட்டரியை நியாயமான விலையில் இத்தனை ஆண்டுகள் விற்றே ஆக வேண்டும் என்று நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும்.

மறுநாள் காலையிலேயே மருந்துக்கடைப் பாக்கியைப் பணமாகக் கொடுத்துவிட்டேன். இப்போது கைபேசி உறைக்குள் ஒரு 500 ரூபாய்த் தாளை மடித்து வைத்திருக்கிறேன்.