போலாம் ரைட்!

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறை. பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுச் சென்ற கம்ப்யூட்டர். அதன் முன்னால், 31 வருடம் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற சுடலைமுத்து. தேய்த்த சட்டை, நெற்றியில் திருநீறு. யூடியூபில் கேம் ஆடி லைவ் போட ஆசை. பக்கத்து ஸ்டூலில் அவருடைய அக்கா மகன் கார்த்திக். கார்த்திக்குக்குச் சொந்தமாக ஒரு கேமிங் சேனல் உண்டு. ஒரு வருடமாக லைவ் போடுகிறான், மூன்று பேர் பார்க்கிறார்கள். அந்த மூன்றில் ஒன்று அவனுடைய செல்போன். நம் ஊரில் வாத்தியாராக இந்தத் தகுதி தாராளம்.

சுடலைமுத்து: ஆரம்பி மாப்பிள்ளை. நல்ல நேரம் 10.45-க்கு முடிகிறது.

கார்த்திக்: இன்றைக்கு முடியாது மாமா. யூடியூபில் முதல் தடவை லைவைத் திறக்கும்போது போன் நம்பரைச் சரிபார்ப்பார்கள். அதற்கப்புறம் 24 மணி நேரம் வரை ஆகும்.

சுடலைமுத்து: எல்எல்ஆர் போட்டுவிட்டு 30 நாள் காத்திருந்து லைசென்ஸ் எடுத்தவன் நான். 24 மணி நேரம் எனக்கு ஒரு பொருட்டில்லை. ஆனால் இதை நேற்றே சொல்லியிருந்தால் ஒரு சட்டை மிச்சம்.

கார்த்திக்: அதற்குள் மற்ற வேலையை முடித்துவிடலாம். முதலில் ஓபிஎஸ். ஓடுகிற கேம், உங்கள் முகம், உங்கள் குரல், மூன்றையும் ஒன்றாகக் கட்டி யூடியூபுக்கு அனுப்புகிற மென்பொருள். 2012-லிருந்து இருக்கிறது. இலவசம்.

சுடலைமுத்து: எத்தனை நாளைக்கு இலவசம்?

கார்த்திக்: எப்போதுமே. உள்ளே எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதைக்கூட யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், மாற்றலாம்.

சுடலைமுத்து: பானட்டைத் திறந்தே வைத்திருக்கிறான் என்று சொல். நல்ல மனுஷன்.

கார்த்திக்: என்ன கேம் போடலாம் மாமா? வாலரண்ட் போட்டால்...

சுடலைமுத்து: அது சுடுகிறதுதானே? வேண்டாம். உன் அத்தைக்குச் சத்தம் ஆகாது. எனக்கு அந்த லாரி கேம்தான்.

கார்த்திக்: யூரோ டிரக் சிமுலேட்டர் 2. ஒருவிதத்தில் நல்லதுதான். எல்லோரும் ஆடுகிற கேமில் போய் விழுந்தால் ஆயிரம் பேருக்குக் கீழே கிடப்போம், யார் கண்ணிலும் பட மாட்டோம். ஆனால் இது பழசு மாமா, 2012-ல் வந்தது.

சுடலைமுத்து: 2012 மாடலா? எங்கள் டிப்போவில் அதைப் புது வண்டி என்போம்.

கார்த்திக்: சரி, ஓட்டிப் பாருங்கள்.

சுடலைமுத்து: ஏலேய், எதிரில் ஒருத்தன் நேராக வருகிறான் பார்! ஹார்ன் எங்கே இருக்கிறது? குடித்திருக்கிறான் போல.

கார்த்திக்: அவன் சரியாகத்தான் வருகிறான். நீங்கள்தான் தப்பான பக்கம். பிரான்ஸ், ஜெர்மனியில் எல்லாம் வலது பக்கம் ஓட்ட வேண்டும். அபராதம் விழுந்துவிட்டது.

சுடலைமுத்து: 31 வருடத்தில் ஒரு கேஸ் வாங்கியதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஊரில் வந்து வாங்கிவிட்டேனே.

கார்த்திக்: விடுங்கள். பிரிட்டனில் ஆரம்பிக்கலாம். அங்கே நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான்.

சுடலைமுத்து: நம்மிடம் கற்றுக்கொண்டு போனவன்தானே. சரி, ஒரு சந்தேகம். அடுத்தவன் ஓட்டுவதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்?

கார்த்திக்: அமெரிக்காவில் 2007-ல் ஒருவர் தொப்பியில் கேமராவை மாட்டிக்கொண்டு தன் வாழ்க்கையை ஒரு தளத்தில் ராத்திரி பகலாக லைவ் விட்டார் மாமா.

சுடலைமுத்து: குளிக்கும்போதுமா?

கார்த்திக்: அது முக்கியமில்லை. அப்புறம் அந்தத் தளத்தில் மற்றவர்களும் லைவ் போட வந்தார்கள். கேம் ஆடுகிறவர்கள் கூட்டம் பெருகி, 2011-ல் அவர்களுக்கென்றே ட்விட்ச் என்று தனியாகப் பிரித்தார்கள். 2014-ல் அமேசான் அதை 97 கோடி டாலருக்கு வாங்கியது.

சுடலைமுத்து: ரூபாயில் சொல்லாதே, ராத்திரி தூக்கம் வராது. ஆனால் நீ சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என் வண்டியில் எஞ்சின் பெட்டி மேல் உட்காருவதற்கு அடிதடியே நடக்கும். ரோட்டைப் பார்க்க இல்லை, நான் கியர் போடுவதைப் பார்க்க. சரி, நமக்குக் காசு எப்போது வரும்?

கார்த்திக்: விளம்பரக் காசு வேண்டுமென்றால் 1,000 சப்ஸ்கிரைபர் வேண்டும். அதோடு ஒரு வருடத்துக்குள் 4,000 மணி நேரம்.

சுடலைமுத்து: நான் ஓட்டுகிற மணியா?

கார்த்திக்: ஜனங்கள் பார்க்கிற மணி. பார்த்த எல்லோருடைய நேரத்தையும் கூட்டிக்கொள்ளலாம்.

சுடலைமுத்து: நீயும் உன் அத்தையும் மட்டும் பார்த்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஐந்தரை மணி நேரம். உனக்கு வேலை இல்லை, சமாளித்துவிடுவாய். அவளிடம் நீயே பேசு.

(இந்தக் கணக்கை அவர் பேப்பர், பேனா இல்லாமல் போட்டார். டீசல் கணக்குப் போட்ட மூளை.)

கார்த்திக்: அடுத்தது நெட். உங்கள் பிளான் எவ்வளவு?

சுடலைமுத்து: 50. மாதாமாதம் தவறாமல் கட்டுகிறேன்.

கார்த்திக்: அந்த 50 எம்பிபிஎஸ் உள்ளே வருகிற வேகம். லைவுக்கு வெளியே போகிற வேகம்தான் வேண்டும். டெஸ்ட் போடுகிறேன்... 6.

சுடலைமுத்து: 50 பேர் ஏறுகிற வண்டியில் 6 பேர்தான் இறங்கலாமா? என்ன வண்டி இது?

கார்த்திக்: நம் வீட்டு அப்லோட் அவ்வளவுதான். அந்த ஆறையும் முழுசாக எடுக்கக் கூடாது. படத்தின் தரம் 720பி, நொடிக்கு 30 பிரேம், அதாவது 30 படம், பிட்ரேட் 3000 என்று வைப்போம். பிட்ரேட் என்றால் நொடிக்கு வெளியே அனுப்புகிற அளவு. 3000 என்றால் அந்த ஆறில் 3. ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி போகும்.

சுடலைமுத்து: மகன் 1080 என்று ஏதோ சொல்வானே? அதில் பளிச்சென்று இருக்குமாமே?

கார்த்திக்: 1080-ல் 60 பிரேம் என்றால் 6000-ஆவது வேண்டும்.

சுடலைமுத்து: 6-க்கு 6-ஆ? அப்புறம் ஒருத்தன் கூட ஏற முடியாதே. ஃபுட்போர்டில் தொங்கவிட்டு ஓட்டினால் பாதி வழியில் விழத்தான் செய்வான். இதைக்கூடவா யோசிக்காமல் போடுவார்கள்?

(கார்த்திக் ஒன்றும் சொல்லவில்லை. அவன் வீட்டு அப்லோடும் 6-தான். ஒரு வருடமாக 6000-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.)

கார்த்திக்: என்கோடர் என்று ஒன்று இருக்கிறது. படத்தைச் சுருக்குகிற வேலை. கேமை ஓட்டுகிற பிராசசர் தலையிலேயே அதையும் கட்டினால் திணறும். உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்குள் அதற்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, என்வென்க். வேலையை அதனிடம் கொடுத்துவிடலாம்.

சுடலைமுத்து: கண்டக்டரைப் போடுகிறாய். போடு, போடு.

கார்த்திக்: கடைசியாக இது. ஸ்ட்ரீம் கீ. அனுமதி வந்ததும் யூடியூப் கொடுக்கிற சாவி, நீளமான எழுத்து. இதை ஓபிஎஸ்ஸில் ஒட்டினால்தான் உங்கள் சேனலுக்கு லைவ் போகும். யாரிடமும் காட்டக் கூடாது. தெரிந்தால் எவன் வேண்டுமானாலும் உங்கள் சேனலில் எதை வேண்டுமானாலும் லைவ் போடுவான்.

சுடலைமுத்து: புரிகிறது. சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது.

(மறுநாள் மாலை. அனுமதி வந்துவிட்டது. மாடி அறைக்கு வைஃபை ஒழுங்காக எட்டாததால், கீழே ஹாலில் இருக்கும் ரூட்டரிலிருந்து ஜன்னல் வழியாக லேன் வயர் இழுத்தாகிவிட்டது. வெப்கேம் மாட்டியாயிற்று.)

கார்த்திக்: மாமா, உங்கள் தலைக்குப் பின்னால் காலண்டரில் பச்சை மையில் என்ன எழுதியிருக்கிறது?

சுடலைமுத்து: அந்தச் சாவிதான். சிலிண்டர் புக்கிங் நம்பருக்குக் கீழே எழுதி வைத்தேன். அவசரத்துக்கு உதவும்.

கார்த்திக்: கேமராவில் ஒவ்வொரு எழுத்தும் தெரிகிறதே!

சுடலைமுத்து: எழுத்து அப்படி. எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிரம்பு இருந்தது.

கார்த்திக்: நல்லவேளை, இன்னும் லைவ் போகவில்லை. பழைய சாவியை ரத்து செய்து புதுசு வாங்குகிறேன். இதை எங்கேயும் எழுதாதீர்கள். இப்போது மைக். இயர்போனில் இருக்கிற மைக்கே ஆரம்பத்துக்குப் போதும். பேசுங்கள்.

சுடலைமுத்து: வணக்கம்!

(ஓபிஎஸ்ஸில் ஒலியளவு காட்டும் பட்டை பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, சிவப்பில் போய் முட்டி நின்றது. பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.)

கார்த்திக்: மஞ்சளைத் தொட்டால் போதும் மாமா.

சுடலைமுத்து: எஞ்சின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை. இதற்கு மேல் குறைத்தால் யாருக்கோ உடம்பு சரியில்லாதது போல இருக்கும்.

கார்த்திக்: மைக் அளவைக் குறைத்துக்கொள்கிறேன். ஃபேன் சத்தம் போகாமல் இருக்க ஒரு ஃபில்டரும் போட்டிருக்கிறேன். சரி, ஒத்திகை பார்க்கலாம். இது பட்டியலில் வராத லைவ், லிங்க் வைத்திருப்பவர்கள் மட்டும்தான் பார்க்க முடியும். அத்தைக்கு அனுப்பிவிட்டேன், கீழே அடுக்களையில் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போலாம் ரைட்!

(லாரி லண்டனை விட்டுக் கிளம்புகிறது. இரண்டே நிமிடம். திரையின் மூலையில் ஒரு வாட்ஸ்அப் பெட்டி எழும்புகிறது: "அண்ணாச்சி, அரியர் பணம் ஏறிட்டு, பாத்தியளா? வீட்ல மூச்சு விட்ராதிய." சுடலைமுத்து மவுஸைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் திரையைப் பொத்துகிறார். பெட்டி மறைகிறது.)

சுடலைமுத்து: போய்விட்டது. கீழே சத்தமே இல்லை. அவள் பார்க்கவில்லை. இசக்கியம்மன் காப்பாற்றினாள்.

கார்த்திக்: மாமா...

சுடலைமுத்து: என்ன?

கார்த்திக்: லைவ் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். பத்துப் பன்னிரண்டு விநாடி.

சுடலைமுத்து: அப்படியென்றால்?

கார்த்திக்: அத்தைக்கு அது இனிமேல்தான் வரும்.

(இருவரும் படிக்கட்டைப் பார்க்கிறார்கள். ஃபேன் சுற்றுகிறது. கீழே குக்கர் ஒரு விசில் அடிக்கிறது. அதைத் தொடர்ந்து, மைக் எதுவும் தேவைப்படாத ஒரு குரல்: "ஏங்க! அரியர் வந்துட்டா?")

சுடலைமுத்து: இதை நிறுத்த எந்த பட்டன்?

கார்த்திக்: லைவையா, அத்தையையா?

சுடலைமுத்து: என் பென்ஷன் வாழ்க்கையில் மண்ணைப் போட்டுவிட்டாயே.

கார்த்திக்: தப்பு என்னுடையதுதான். அவசரத்தில் டிஸ்பிளே கேப்சர் போட்டுவிட்டேன். அது திரையில் இருப்பதை அப்படியே அனுப்பிவிடும். கேம் கேப்சர் போட்டால் கேம் மட்டும்தான் போகும்.

சுடலைமுத்து: இந்த வித்தியாசம் உனக்கு ஒரு வார்த்தை. எனக்கு இரண்டு வளையல்.

(வளையல் விவகாரம் கீழே அரை மணி நேரம் நடந்தது. அதற்குள் கார்த்திக்குக்கு வேறு கவலை. ஓபிஎஸ்ஸின் அடியில், வழியில் தொலைந்த பிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. பிட்ரேட் சரி, ரூட்டர் சரி. கடைசியில் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தான். லேன் வயரில் இரண்டு துண்டு, ஒரு லுங்கி, ஈரப் போர்வை ஒன்று. "புதுசாக் கொடி கட்டியிருக்கானேன்னு நெனச்சேன்" என்றாள் அத்தை. போர்வை கனத்தில் வயர் ரூட்டரிலிருந்து பாதி கழன்றிருந்தது.)

கார்த்திக்: இப்போது எல்லாம் சரி. நிஜ லைவ், ஊரே பார்க்கலாம். ஒன்றுதான் மாமா, யாருமே இல்லாவிட்டாலும் பேச்சை நிறுத்தக் கூடாது. சாட்டில் யாராவது கேட்டால் உடனே பதில் சொல்ல வேண்டும்.

சுடலைமுத்து: ஓட்டிக்கொண்டே பேசக் கூடாது என்றுதான் என் தலைக்கு மேல் எழுதியிருந்தது. 31 வருடம் பேசினேன். நீ பார்.

கார்த்திக்: இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

சுடலைமுத்து: யார்?

கார்த்திக்: அத்தை ஒன்று. இன்னொன்று என் போன்.

சுடலைமுத்து: வணக்கம் உறவுகளே. வண்டி லண்டனிலிருந்து மான்செஸ்டர் போகிறது. சரக்கு, பாத்திரம் கழுவும் மிஷின். என் வீட்டில் அந்த மிஷின் நான்தான். முன்னால் ரவுண்டானா வருகிறது. இங்கேதான் சின்னப் பையன்கள் அறுத்துக்கொண்டு போவார்கள். நாம் என்ன செய்கிறோம், காலை எடுத்து, பிரேக்கை மெதுவாக...

(மேஜைக்கு அடியில் அவர் வலது கால் தானாக நீண்டு அழுத்தியது. டக். திரை இருண்டது. அறையில் ஃபேன் மட்டும் சுற்றியது.)

சுடலைமுத்து: கரண்ட் போய்விட்டது.

கார்த்திக்: ஃபேன் ஓடுகிறதே மாமா. நீங்கள் மிதித்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் சுவிட்சை.

சுடலைமுத்து: பிரேக் பிடித்தால் வண்டி நிற்க வேண்டும். நின்றுவிட்டதா இல்லையா?

(பாக்ஸைச் சுவரோரம் தள்ளிவைத்து, அதன் இடத்தில் பழைய ரப்பர் செருப்பு ஒன்றை வைத்தார்கள். காலுக்கு ஏதாவது வேண்டுமே. மறுபடியும் லைவ். அரை மணி நேரம் கழித்து.)

கார்த்திக்: மாமா, மூன்று... ஐந்து... ஏழு பேர்! இதில் ஐந்து பேர் யாரென்றே எனக்குத் தெரியாது!

சுடலைமுத்து: அவர்களுக்கு மட்டும் நம்மைத் தெரியுமா? என்ன எழுதியிருக்கிறான், படி. எனக்கு ரோடு முக்கியம்.

கார்த்திக்: ஆள் இல்லாத சிக்னலில் ஏன் நிற்கிறீர்கள், தட்டிவிடுங்கள் என்கிறார் ஒருவர்.

சுடலைமுத்து: தம்பி, சிகப்பு உனக்கா எனக்கா? உன் வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்களைப் பேசச் சொல்.

கார்த்திக்: எட்டு, ஒன்பது... இன்னொருவர், அண்ணாச்சி எந்த டிப்போ என்று கேட்கிறார்.

சுடலைமுத்து: அதைச் சொன்னால் பழைய ஆள் எவனாவது அரியர் எவ்வளவு என்று கேட்பான். அடுத்தது?

கார்த்திக்: பதினொன்று! ஒரு வருடத்தில் நான்... விடுங்கள். அடுத்த கேள்வி, அண்ணாச்சி இந்த வண்டி ஆலங்குளம் நிக்குமா?

சுடலைமுத்து: (ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்) நிக்காது. பின்னால ஒண்ணு காலியா வருது.