தோசையைப் பிய்த்த பாவத்துக்கு 35 நிமிடம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை நான் செய்த குற்றம் இதுதான்: சூடாக இருக்கிறதே என்று பாப்பாவின் தோசையை நாலாகப் பிய்த்து வைத்தேன். தினமும் அப்படித்தான் வைக்கிறேன். அன்று அவளுக்கு முழுத் தோசை வேண்டுமாம். இரண்டு துண்டை எடுத்து ஓரத்தோடு ஓரம் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை. "ஒட்டும்மா! ஒட்டு!" என்று ஆரம்பித்தாள். தட்டு பறந்தது, தரையில் புரண்டாள், மேல் வீட்டு அக்கா படி இறங்கி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புதுத் தோசை வார்த்துக் கொடுத்தேன், அதுவும் பறந்தது. அவளுக்கு வேண்டியது பிய்க்கப்படாத அந்தத் தோசை. அதை எந்தக் கல்லில் போய் வார்ப்பது?

இரண்டே முக்கால் வயது. ஐந்து நிமிடம் முன்பு வரை சிரித்துக்கொண்டிருந்த குழந்தை.

வீட்டில் ஆளுக்கு ஒரு வைத்தியம். இவர் போனில் ரைம்ஸ் போட்டு நீட்டினார். மாமனார் "ரெண்டு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்றார். (அப்படி அவர் வளர்த்த மூன்று பேரும், இவர் உட்பட, இன்றுவரை அவரிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசுவதில்லை. அது வேறு கதை.) நான் நியாயம் பேசினேன். "வயித்துக்குள்ள போனா எல்லாம் பிய்ஞ்சுதானே கண்ணு போகும்? என்ன வேணும்னு வாயைத் திறந்து சொல்லு." அடிக்கு அடுத்தபடி மோசமான வைத்தியம் என்னுடையதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அமெரிக்காவில் மைக்கேல் பொட்டேகல், ஜேம்ஸ் கிரீன் என்ற ஆய்வாளர்களின் குழு, குழந்தைகளின் சட்டைக்குள் சின்ன மைக்கைத் தைத்து, வீட்டில் அவர்கள் போடும் ஆர்ப்பாட்டத்தைப் பதிவு செய்து ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டிருக்கிறது. கத்தலும் வீறிடலும் ஒரு கூட்டு, அது கோபம். அழுகையும் சிணுங்கலும் இன்னொரு கூட்டு, அது துக்கம். கோபம் குபீரென்று ஏறி இறங்கிவிடுகிறது. துக்கமோ அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏறுகிற நேரத்தில் நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அடுப்பில் தள்ளுகிற விறகுதான். பதில் யோசிக்கிற மூளையா அப்போது அங்கே இருக்கிறது? அடக்கி நிதானிக்க வைக்கும் முன்மூளைப் பகுதி முழுதாக வளர இருபது வயதைத் தாண்ட வேண்டும். எனக்கு முப்பத்திரண்டு, எனக்கே அன்று வேலை செய்யவில்லை.

கடைசியில் அத்தைதான் வந்தார். கையில் கல்லுப்பு, ஏழு மிளகாய் வற்றல். "ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு" என்று முணுமுணுத்தபடி மூன்று சுற்று சுற்றினார். எனக்குத் திருஷ்டியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த நேரம் முழுக்க வீட்டில் ஒருவரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. போன் உள்ளே போனது, மாமனார் வாயை மூடினார், நானும்தான். மிளகாய் அடுப்பில் வெடிக்கும்போது 'வீல்' என்ற குரல் உடைந்து 'ம்ம்மா' என்று தேம்பலாகி, இரண்டு கையையும் நீட்டினாள். தானாக இறங்குகிற நேரமாகவும் இருந்திருக்கலாம். அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அன்றிலிருந்து குரலைத்தான் கவனிக்கிறேன். வீறிடும்போது இடிபடுகிற சாமானை நகர்த்திவிட்டு, காய்ந்த துணியை மடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். தேம்பல் கேட்டதும் மடி. கேட்டதை வாங்கித் தருவதெல்லாம் கிடையாது.

ஆனால் எல்லாக் கத்தலும் அடம் அல்ல. படுக்க வைத்தால் வீறிட்டுக் காதைப் பிடித்தால் காது வலியாக இருக்கலாம். கைக்குழந்தை கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு, நிறுத்தி நிறுத்தி அலறி, வாந்தியோ மலத்தில் ரத்தமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிதான், ஓமத்தண்ணீர் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். என் நாத்தனார் பையன் அழுது அழுது மூச்சைக் கட்டிக்கொண்டு நீலமாகிவிடுவான். ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவு என்று தெரிந்தது. சிரப் கொடுத்த பிறகு வெகுவாகக் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்!

அப்புறம் நம் கோபம். கைக்குழந்தையை ஆத்திரத்தில் உலுக்கினால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். தாங்க முடியாவிட்டால் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டு ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போங்கள். நான் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறேன். பக்கத்து வீடு என்ன நினைத்தால் என்ன?

இன்று காலை தோசையே வேண்டாம் என்று இட்லி வைத்தேன். பிய்க்கவில்லை, தொடவே இல்லை. சட்னி ஓடி வந்து இட்லியைத் தொட்டுவிட்டதாம். மடிக்க வேண்டிய துணி நிறைய இருந்தது.