2000 எல்லாருக்கும் பொற்காலம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை பள்ளிச் சந்திப்பில் நடந்ததைத்தான் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சரி, நானும் சொல்லிவிடுகிறேன். "ப்ளஸ் டூ முடிச்ச 2000-ல நமக்கு இருந்த ஒரே சோகம் கிரிக்கெட் சூதாட்டம்தான்" என்று ஒருவன் மைக்கில் சொன்னான். கைதட்டினீர்கள். நான் எழுந்து பஸ் எரிப்பைச் சொன்னதும், "நல்ல நாளும் அதுவுமா இதெல்லாம் எதுக்கு?" என்று உட்கார வைத்தீர்கள்.

எதுக்கா? நாம் தருமபுரி மாவட்டத்துப் பிள்ளைகள், அதற்குத்தான். 2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்த அன்று, இலக்கியம்பட்டியில் கட்சிக்காரர்கள் ஒரு பஸ்ஸுக்குத் தீ வைத்தார்கள். கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகளின் பஸ் அது. மூன்று பேர் உள்ளேயே கருகிப் போனார்கள். அடுத்த மாதம் நமக்குப் பரீட்சை. அதற்குள் மறந்துபோகிற விஷயமா இது?

மறுநாள் பேப்பரை அப்பா நாலாக மடித்துத் தலையணை உறைக்குள் செருகி வைத்திருந்தார். அம்மா எடுத்துப் படித்துவிட்டு அதே மடிப்பில் திரும்ப வைத்தார். எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சேர ஆசை. விண்ணப்பம் வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்த அப்பா, அப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானே கேட்டபோது, "உன்னைப் பஸ் ஏத்திவிட்டுட்டு நான் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு உக்காரணுமா?" என்றார்.

பெற்றவர் பயந்தது தப்பா என்று கேட்பீர்கள். தப்பே இல்லை. ஆனால் என் தம்பி ப்ளஸ் டூ முடித்ததும் தினமும் சேலத்துக்குப் பஸ்ஸில்தான் கல்லூரிக்குப் போனான். அவன் ஏறிய பஸ்ஸைப் பற்றி வீட்டில் யாருக்கும் பயம் வரவில்லை. அந்த வருஷம் நம் வகுப்பில் எத்தனை பெண்களின் படிப்பு இப்படி வாசலோடு நின்றது? பையன்களே, ஒருமுறையாவது விசாரித்தீர்களா?

அரசியல் பேசுகிறேன் என்கிறீர்கள். பஸ்ஸை எரித்த வழக்கில் கட்சிக்காரர்கள் மூன்று பேருக்குத் தூக்கு என்பதை 2010-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2016-ல் அதுவே ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2018-ல் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். இதில் நான் சேர்த்துச் சொன்னது எதுவும் இல்லை. பழசைக் கிளறாதே என்கிறீர்கள். அன்று மேடையில் நாலு மணி நேரம் நாம் எல்லாரும் கிளறியது பழசைத்தானே? உங்கள் பழசு இனிக்கும், என் பழசு மட்டும் உறுத்துமா?

பையன்கள் பேசியதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். என் பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தவள், அதே வருஷம் படிப்பை நிறுத்திக் கல்யாணம் செய்து வைக்கப்பட்டவள், "உனக்குத்தான் நல்ல வேலை கிடைச்சிடுச்சே, இன்னும் என்ன?" என்று கேட்டாள். அதுதான் தாங்கவில்லை. அந்த வேலை, தபால் வழியில் பி.காம். படித்து, ராத்திரி கண்விழித்துப் பரீட்சை எழுதி நான் வாங்கியது. அதைக் காட்டி 2000-ஐ யாரும் நேர்செய்ய வேண்டாம்.