வாய்மொழி உத்தரவில் ஓடும் சர்வர்கள்

சில மாதங்களுக்கு முன்பு, எங்கள் கிளவுட் (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள்) கணக்கோடு இணைத்து வைத்திருக்கும் ஏஐ ஏஜென்ட்டிடம், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ மென்பொருளிடம், "எந்த சர்வரோடும் இணைக்கப்படாமல் சும்மா கிடக்கும் டிஸ்க்குகளை நீக்கிவிடு" என்று தட்டச்சு செய்தேன். அது ஒரு நிமிடத்துக்குள் பதினேழு டிஸ்க்குகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றின் அளவையும் உருவாக்கப்பட்ட தேதியையும் காட்டி, நீக்கட்டுமா என்று கேட்டது. சரி என்று எழுதக் கை போன நேரத்தில், பன்னிரண்டாவது வரியில் இருந்த 500 ஜிபி டிஸ்க் கண்ணில் பட்டது. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் வேலைக்கென்று ஒரு சர்வர் எழும்பும். அந்த டிஸ்க்கை மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரம் ஓடும். முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் அணைந்துவிடும். மற்ற நாள்களிலெல்லாம் அது சும்மா கிடக்கும் டிஸ்க்தான். நான் கேட்டதை ஏஜென்ட் எழுத்துப் பிசகாமல் செய்திருந்தது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

இதைச் சொல்வதால் இந்தக் கருவிகளுக்கு நான் எதிரி என்று எண்ண வேண்டாம். பார்த்துச் சொல்லும் வேலைக்கு இவற்றை அன்றாடம் பயன்படுத்துகிறேன். சர்வரை இணையத்தில் அடையாளம் காட்டும் பொது ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும், அது பயன்பாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மணிக்கணக்கில் கட்டணம் என்று அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் நடைமுறைப்படுத்தியபோது, எந்த ரீஜியனில் (சர்வர்கள் இருக்கும் நிலப்பகுதி) எத்தனை முகவரிகள், அவை எதில் மாட்டியிருக்கின்றன என்று தேடுவதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்று அதே கேள்வியை ஒரு வரியில் கேட்டால், தேநீர் ஆறுவதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைப்பதற்கான எம்சிபி நெறிமுறையை வெளியிட்டதற்குப் பிறகு, கிளவுட் கருவிகளை ஏஜென்ட்டோடு இணைப்பதும் எளிதாகிவிட்டது. பில் ஏன் கூடியது, நள்ளிரவில் எந்த சர்வர் திணறியது, யார் எந்த அனுமதியை மாற்றினார்கள் என்றெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பதில் பிசகினால் நேரம்தான் வீண். இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்ளலாம்.

மாற்றச் சொல்வதில்தான் சிக்கல் இருக்கிறது. அதிலும் தமிழில் கேட்டுப் பழகியவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். நம் மொழியில் அஃறிணைப் பெயருக்குக் 'கள்' விகுதி கட்டாயம் இல்லை. "மரம் வளர்ந்தது", "மரம் வளர்ந்தன" என்று வினைமுற்றை வைத்துத்தான் ஒன்றா பலவா என்று அறிகிறோம். இலக்கணத்தில் இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரே உண்டு. ஆனால் "பழைய சர்வரை நீக்கு" என்னும் ஏவலில் அந்தத் துணையும் இல்லை. நீக்கப்பட வேண்டியது ஒன்றா, ஒன்பதா? 'பழைய' என்பது வயதில் பழையதையா, பழைய பதிப்பு ஓடுவதையா, பெயரில் 'ஓல்டு' என்று ஒட்டிக்கொண்டிருப்பதையா? பக்கத்து இருக்கையில் இருக்கும் சக ஊழியரிடம் இதைச் சொன்னால் அவர் நிமிர்ந்து பார்த்து "எதை?" என்று கேட்பார். ஏஜென்ட்டும் சில நேரம் கேட்கிறது. பல நேரம், தனக்குப் பொருத்தமாகத் தோன்றும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நடக்கிறது.

சொல்லில் எந்த மயக்கமும் இல்லாதபோதுகூட, ஒரு வரி எவ்வளவு கனமானது என்பதை அந்த வரியே காட்டுவதில்லை. "டேட்டாபேஸுக்குக் குறியாக்கம் போட்டுவிடு", அதாவது திறவுகோல் இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வை, என்பதை எடுத்துக்கொள்வோம். கேட்பதற்கு ஒரு ஸ்விட்சைத் தட்டுவது போல இருக்கிறது. அமேசானின் டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ஸிலோ, குறியாக்கத்தை டேட்டாபேஸ் உருவாக்கும்போதுதான் தேர்வு செய்ய முடியும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதற்கு வேண்டுமென்றால், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பிரதி) எடுத்து, அதைக் குறியாக்கத்தோடு நகலெடுத்து, அந்த நகலிலிருந்து புதிய டேட்டாபேஸை எழுப்பி, செயலிகளை அதன் பக்கம் திருப்ப வேண்டும். இடையில் எழுதப்படும் தரவு என்னவாகும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். சர்வர், டேட்டாபேஸ் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று கோப்பில் எழுதி வைத்து அதன்படி அமைக்கும் டெர்ராஃபார்ம் என்ற கருவியில் அந்த ஒரு மதிப்பை மட்டும் மாற்றிவிட்டு, என்னென்ன மாறும் என்று முன்கூட்டியே காட்டும் 'பிளான்' ஓட்டிப் பாருங்கள்: வரியின் முன்னால் -/+ என்ற குறி நிற்கும், கீழே ஒன்று சேர்க்கப்படும், ஒன்று அழிக்கப்படும் என்று கணக்கு வரும். அந்தச் சின்னக் குறிக்கு, இருக்கும் டேட்டாபேஸை அழித்துவிட்டு வெறுமையான வேறொன்றை வைப்பேன் என்று பொருள். அதைப் பார்த்துத் திடுக்கிட்டவர்களுக்கு டெர்ராஃபார்மின் அருமை தெரியும்.

மனிதர்கள் மட்டும் தவறு செய்வதில்லையா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்கிறார்கள். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் தளத்தை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், துணை டேட்டாபேஸ் என்று நினைத்து முதன்மை டேட்டாபேஸின் கோப்புறையை அழித்தார். சுதாரித்து நிறுத்தியபோது ஏறத்தாழ 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது, ஆறு மணி நேரத் தரவும் போயிற்று. நான்கு வாரம் கழித்து, பிப்ரவரி 28 அன்று, அமேசானின் கோப்புச் சேமிப்புச் சேவையான எஸ்3-இல் சில சர்வர்களை மட்டும் எடுக்க வேண்டிய கட்டளைக்குத் தவறான மதிப்பு கொடுக்கப்பட்டதால் தேவைக்கு மேல் சர்வர்கள் நீங்கி, இணையத்தின் பெரும்பகுதி பல மணி நேரம் தள்ளாடியது. அதற்குப் பிறகு அமேசான் கருவியையே மாற்றியது: சர்வர்களை மெதுவாகத்தான் எடுக்க முடியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் என்றால் எடுக்கவே விடாது. இனிமேல் கவனமாகத் தட்டச்சு செய்யுங்கள் என்று சுற்றறிக்கை விட்டு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை.

ஏஜென்ட் விஷயத்தில் நாம் பெரும்பாலும் சுற்றறிக்கைதான் விட்டுக்கொண்டிருக்கிறோம். "புரொடக்‌ஷனைத் தொடாதே" (மக்கள் பயன்படுத்தும் நேரடி அமைப்பைத்தான் அப்படிச் சொல்கிறோம்), "என்னைக் கேட்காமல் எதையும் அழிக்காதே" என்று ப்ராம்ப்ட்டில், அதாவது ஏஜென்ட்டுக்குத் தரும் அறிவுறுத்தலில், எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறோம். 2025 ஜூலையில், ஏஐ உதவியோடு செயலி உருவாக்கும் ரெப்ளிட் தளத்தின் ஏஜென்ட், எந்த மாற்றமும் கூடாது என்று பயனர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தும், ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்தது. போதாக்குறைக்கு, மீட்க முடியாது என்றும் சொன்னது, பிறகு மீட்க முடிந்தது. அந்த நிறுவனம் அதன்பின் அறிவித்தது என்ன? சோதனை டேட்டாபேஸையும் புரொடக்‌ஷன் டேட்டாபேஸையும் பிரித்து வைக்கும் ஏற்பாடு. ப்ராம்ப்ட்டில் எழுதும் தடை வேண்டுகோள்தான். பூட்டு அனுமதி அமைப்பில் இருக்க வேண்டும். ஏஜென்ட் படிக்கும் லாக் கோப்பிலோ (நடந்தவற்றின் பதிவேடு) பிழைச் செய்தியிலோ வெளியாள் ஒருவர் வேறொரு கட்டளையைச் செருகி வைக்க முடியும் என்பதையும் சேர்த்து யோசித்தால், வேண்டுகோளை நம்பிக் கதவைத் திறந்து வைப்பது எவ்வளவு அசட்டுத்தனம் என்று புரியும்.

ஆகவே என் நிலைப்பாடு இது. ஏஜென்ட்டுக்கென்று தனி ரோல், அதாவது தனி அனுமதித் தொகுப்பு, வேண்டும்; அதில் பார்க்கும் அனுமதி மட்டும் இருக்க வேண்டும். மாற்றம் தேவைப்பட்டால் அதை ஏஜென்ட் டெர்ராஃபார்ம் நிரலாக எழுதி, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் களஞ்சியத்தில் வைத்து, பிளான் வெளியீட்டையும் சேர்த்துத் தரட்டும். மனிதர் ஒருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகு, வேறொரு அனுமதியின்கீழ் அது நடைமுறைக்கு வரட்டும். வாய்மொழி உத்தரவை எழுத்து மூலமாக்கிக் கையெழுத்து வாங்கும் பழைய அலுவலக வழக்கம்தான் இது. ஏஜென்ட் நேரடியாக ஏபிஐ (மென்பொருள்கள் கிளவுடுக்கு ஆணையிடும் வாசல்) வழியே மாற்றினால் இன்னொரு தொல்லையும் வரும்: நிரல் ஒன்று சொல்லும், கிளவுடில் வேறொன்று இருக்கும். அவசரத்துக்கு, சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையப் பயன்படும் 22-ஆம் போர்ட்டை 0.0.0.0/0 (எந்த முகவரியிலிருந்தும் வரலாம்) என்று உலகத்துக்கே திறந்துவிட்டால், அந்த உரையாடலைப் பார்க்காத அடுத்தவருக்கு அது ஏன் திறந்திருக்கிறது என்று தெரியாது. அவர் நிரலை மறுபடி ஓட்டும்போது, நீங்கள் நம்பியிருந்த வேறொரு திருத்தமும் அதோடு சேர்ந்து மறைந்துபோகலாம்.

இதனால் வேகம் குறையும் என்கிறார்கள். குறையும்தான். ஆனால் நான் உண்மையில் அஞ்சுவது அதைவிட, ஒப்புதல் தரும் ஆளைப் பற்றி. நாளொன்றுக்கு நாற்பது பிளான் வந்தால், நாற்பத்தோராவதை யாரும் படிப்பதில்லை. விரல் தானாகப் பச்சைப் பொத்தானுக்குப் போய்விடும். ஆய்வாளர் லிசேன் பெயின்பிரிட்ஜ் 1983-இலேயே தானியங்கி முறைகளைப் பற்றிய கட்டுரையில் இதைச் சுட்டியிருக்கிறார்: எளிய வேலைகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால், கடினமானவை மட்டும் மனிதரிடம் மிஞ்சும், அவற்றைச் செய்யத் தேவையான பழக்கமோ அவரிடம் தேய்ந்துகொண்டே போகும். புதிதாக வேலைக்கு வருபவர்கள் வலையமைப்பின் ஒரு சிறு பிரிவான சப்நெட்டைக்கூடத் தம் கையால் அமைக்காமல், -/+ குறியைக் கண்டு ஒருமுறையாவது பயப்படாமல், அந்த ஒப்புதல் இருக்கையில் உட்காரப் போகிறார்கள். இதற்கு என்னிடம் நல்ல தீர்வு இல்லை. எங்கள் குழுவில், அழித்தல் இருக்கும் பிளான்களை மட்டும் தனி வரிசையில் போட்டு, ஒப்புதல் தருபவர் எது ஏன் அழிகிறது என்று ஒரு வரியாவது தம் சொந்தச் சொல்லில் எழுத வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எழுதுவதற்கு எல்லோரும் முனகுகிறார்கள்; நானும் முனகுகிறேன்.

அந்த 500 ஜிபி டிஸ்க்குக்கு இப்போது ஒரு டேக் (அடையாளச் சீட்டு) போட்டிருக்கிறோம்: பொறுப்பாளர் யார், எந்த வேலைக்கு உரியது, மாதத்தில் எப்போது மாட்டப்படும் என்று. அனுமதிக் கொள்கையிலும் அந்த டேக் இருப்பதை நீக்க முடியாதபடி தடை வைத்தாயிற்று. மீதிப் பதினாறையும் ஒவ்வொன்றாக விசாரித்ததில், இன்னும் இரண்டுக்கு உரிமையாளர்கள் கிடைத்தார்கள்.